தூற்றிய ஊரே தோரணம் கட்டிற்று!

பெர்லின் மாநகரம். 1960-ஆம் ஆண்டு, மே திங்கள். டைட்டானியா அரங்கின் வாயிலிலே கூட்டம். சீமான்களும் சீமாட்டிகளும் காரிலே வந்து இறங்குகிறார்கள். நுழைவுச் சீட்டை நீட்டி உள்ளே போகிறார்கள். ஆனால், தெருவோரத்திலே இருக்கிறது வேறொரு கூட்டம். கையிலே அட்டைகள், கண்ணிலே கனல்! மார்லீனே, திரும்பிப் போ என்று ஆங்கிலத்திலே எழுதிப் பிடித்துக் கொண்டிருக்கிறார்கள். தங்கள் தாய்மொழியிலே திட்டக்கூட அவர்களுக்கு மனமில்லை. அவ்வளவு ஆத்திரம்!

யார் மீது? படையெடுத்து வந்த பகைவன் மீதா? பட்டினி போட்ட கொடியவன் மீதா? அல்ல. ஐம்பத்தெட்டு வயதான ஒரு அம்மையார் மீது. அதே ஊரிலே பிறந்தவர், அதே ஊர்த் தெருக்களிலே ஓடி விளையாடியவர், அதே ஊர் மொழியிலே பாட வந்தவர் மீது!

மார்லீன் டீட்ரிச் என்பது அந்த அம்மையாரின் பெயர். உலகமெங்கும் வெள்ளித்திரையிலே ஒளிவீசிய நட்சத்திரம். பிறகு மேடையேறிப் பாடகியாகி, நாடு நாடாகச் சுற்றிப் பாடியவர். நடிகையின் கதைதானே, பொழுதுபோக்காகப் படிப்போம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆலையிலிருந்து திரும்பிக் களைப்போடு ஏட்டைப் புரட்டுகிற தோழனுக்கு அரிதாரத்தின் பெருமையைச் சொல்ல இதை எழுதவில்லை. நாட்டுப்பற்று என்றால் என்ன, நாட்டை ஆளுகிறவனுக்குத் தலையாட்டுவதா, தலை நிமிர்ந்து மறுப்பதா என்ற கேள்வி இந்த அம்மையாரின் வாழ்க்கையிலே அடங்கிக் கிடக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

1901-ஆம் ஆண்டு, டிசம்பர் 27-ஆம் நாள், பெர்லினை அடுத்த ஷோனபெர்க் பகுதியிலே பிறந்தாள் அந்தப் பெண். தந்தை காவல்துறை அதிகாரி. தாய், கடிகாரக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். பள்ளிக்குப் போகும் பருவத்திலேயே தந்தை மறைந்தார். தாய் மறுமணம் செய்து கொண்டார். வந்த கணவரோ படைவீரர். முதல் உலகப் போர் அவரையும் விழுங்கிற்று. சிறுமிக்குப் பதினைந்து வயதாகும்போது ஜெர்மனியிலே உணவுப் பஞ்சம். உருளைக்கிழங்கு கிடைக்காமல், மாட்டுக்குப் போடும் கிழங்கைத் தின்று மக்கள் ஒரு குளிர்காலத்தைக் கழித்தார்கள். முடிமன்னன் மூட்டிய போர். மூண்டெரிந்ததோ ஏழையின் வயிறு!

அந்தப் பெண்ணுக்கு வயலின் மீது ஆசை. பெரிய இசைவாணியாக வேண்டும் என்று கனவு. கைமணிக்கட்டிலே ஏற்பட்ட கோளாறு அந்தக் கனவைக் கலைத்தது. பேசாப் படம் ஓடும் கொட்டகையிலே, திரைக்கு முன்னால் உட்கார்ந்து வயலின் வாசிக்கும் வேலை கிடைத்தது. நான்கே வாரத்தில் அதுவும் போயிற்று. பிறகு ஆடல் குழுவிலே பத்தோடு பதினொன்றாக நின்று காலைத் தூக்கி ஆடினார். நாடகங்களிலே சின்னச் சின்ன வேடங்கள், படங்களிலே வந்து போகிற பாத்திரங்கள். 1923-இல் திருமணம், அடுத்த ஆண்டு ஒரு பெண் குழந்தை.

அந்த 1923 எப்படிப்பட்ட ஆண்டு தெரியுமா? ஆண்டு முடிவதற்குள் ஒரு அமெரிக்க டாலருக்கு 4,20,000 கோடி ஜெர்மன் மார்க் என்ற அளவுக்கு நாணயம் நாசமாயிற்று. காலையில் வாங்கிய கூலிக்கு மாலையில் மதிப்பில்லை. கூடை நிறையக் காகிதப் பணம் கொண்டு போனவன், கைநிறைய ரொட்டி கொண்டு வர முடியவில்லை. அந்த வறுமையிலேதான், வீணர்களின் வெறிப்பேச்சு விலைபோகத் தொடங்கிற்று. குறை தீர்க்கும் வழியைச் சொல்லாமல், குற்றவாளி யூதன்தான் என்று கைகாட்டிய கூட்டம் வளர்ந்தது. அந்தக் கூட்டத்தின் தலைவன் பெயர் இட்லர்!

1929-ஆம் ஆண்டு. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஜோசப் வான் ஸ்டெர்ன்பெர்க் என்ற இயக்குநர் பெர்லினுக்கு வந்தார். ஜெர்மனி அப்போதுதான் பேசும் படங்களிலே காலெடுத்து வைத்துக் கொண்டிருந்தது. ஹைன்ரிச் மான் எழுதிய புதினமொன்றைப் படமாக்க வேண்டும். பள்ளி ஆசிரியர் ஒருவர், கேளிக்கை விடுதியிலே பாடுகிற பெண்ணொருத்தியிடம் மனத்தைப் பறிகொடுத்து, வேலையை இழந்து, மானத்தை இழந்து, கோமாளியாகி மடிகிற கதை. ஆசிரியராக நடிப்பதற்கு எமில் ஜானிங்ஸ் இருந்தார். உலகத்திலேயே சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிசை முதன்முதலாகப் பெற்ற மாபெரும் நடிகர் அவர். பாடகி வேடத்துக்குத்தான் ஆள் தேட வேண்டியிருந்தது. மேடை நாடகமொன்றிலே மார்லீனைப் பார்த்தார் ஸ்டெர்ன்பெர்க். தேடல் முடிந்தது.

1930-ஆம் ஆண்டு, ஏப்ரல் முதல் நாள், நீல தேவதை என்ற அந்தப் படம் பெர்லினிலே திரையிடப்பட்டது. கொட்டகை அதிர்ந்தது. மாபெரும் நடிகரைப் பார்க்க வந்தவர்கள், முன்பின் கேள்விப்படாத நடிகையின் பேரைச் சொல்லிக்கொண்டு வெளியே போனார்கள். அதே இரவிலே மார்லீன் அமெரிக்காவுக்குப் பயணமானார். ஆலிவுட் அழைத்திருந்தது!

தோழர்களே! இந்தப் படத்திலே சேர்ந்து உழைத்தவர்களைக் கொஞ்சம் நினைவிலே வைத்துக் கொள்ளுங்கள். மார்லீன் ஒருவர். மாபெரும் நடிகர் ஜானிங்ஸ் ஒருவர். விடுதியின் மந்திர வித்தைக்காரராக, தடித்த உடலும் தடபுடல் பேச்சுமாக நடித்த குர்ட் கெரான் ஒருவர். பாடல்களுக்கு இசை தந்த பிரெடரிக் ஹாலண்டர் ஒருவர். நால்வரும் ஒரே படத்திலே உழைத்தவர்கள். மூன்றே ஆண்டிலே முளைத்தது கொடுங்கோல். நால்வரும் நாலு திசை போனார்கள். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

அமெரிக்காவிலே மார்லீனுக்கு ஏறுமுகம். 1930-இல் வெளிவந்த மொராக்கோ படத்திலே ஆண்பிள்ளையின் கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்து பாட வந்தார். பெண் என்றால் இப்படித்தான் உடுத்த வேண்டும், இப்படித்தான் ஒடுங்க வேண்டும் என்று விதி வகுத்தவர்கள் விழித்தார்கள். ஆஸ்கர் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1932-இல் ஷாங்காய் எக்ஸ்பிரஸ். 1934-இல் உருசிய நாட்டு அரசி காதரீன் வேடம். ஸ்டெர்ன்பெர்க்கும் மார்லீனும் சேர்ந்து அமெரிக்காவில் எடுத்த படங்கள் ஆறு. நிழலும் ஒளியும் விளையாட அந்த முகத்தைப் படம்பிடித்த முறையை இன்றைக்கும் ஒளிப்பதிவாளர்கள் பாடமாகப் படிக்கிறார்கள்.

இங்கே இப்படி. அங்கே?

1933, ஜனவரி 30. இட்லர் ஆட்சிப்பீடம் ஏறினான். மே 10-ஆம் நாள் பெர்லின் சதுக்கத்திலே ஏடுகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். நீல தேவதையின் மூலக்கதையை எழுதிய ஹைன்ரிச் மானின் நூல்களும் அந்தத் தீயிலே வெந்தன. நீல தேவதை படத்துக்கும் தடை போட்டார்கள். இசை தந்த ஹாலண்டர் யூத இனத்தவர். உயிர் பிழைக்க நாட்டைவிட்டு ஓடினார். மந்திர வித்தைக்காரராக நடித்த கெரானும் யூதர். படப்பிடிப்பு நிலையத்திலிருந்து அவரையும் விரட்டினார்கள்.

மார்லீன் யூதரல்ல. நாஜிகளின் கணக்குப்படி கலப்பில்லாத ஜெர்மன் பெண். ஆகவே, ஓடிவிட்டவர்களை ஏசிய அதே வாய், இவரை மட்டும் வா வா என்று அழைத்தது! விளம்பர அமைச்சன் கோயபல்ஸ் ஆள்மேல் ஆள் அனுப்பினான். வேண்டிய பணம், விரும்பிய கதை, கேட்ட இயக்குநர், நாடறிந்த வரவேற்பு எல்லாம் தருவதாக ஆசை காட்டினார்கள். பறந்துவிட்ட கிளியைப் பழக்கூடையைக் காட்டிக் கூப்பிட்டார்கள். கூடைக்குப் பின்னால் இருந்தது கூண்டு!

அந்த நேரத்திலே அவருடைய நிலை எப்படி என்பதையும் பார்க்க வேண்டும். வெற்றி மேல் வெற்றி வந்து குவிந்திருந்த நேரமல்ல. ஸ்டெர்ன்பெர்க்கோடு எடுத்த கடைசிப் படம் 1935-இல் தோற்றது. 1938-இல் அமெரிக்கக் கொட்டகைக்காரர்கள், வசூலுக்கு நஞ்சு என்று சில நட்சத்திரங்களின் பெயரைப் பட்டியல் போட்டு விளம்பரம் செய்தார்கள்; அதிலே மார்லீன் பெயரும் இருந்தது. படக்கம்பெனி கணக்கை முடித்து அனுப்பிற்று. வேலையில்லாத நேரத்திலே விலைபேச வருகிறவனுக்கு விடை சொல்வது எளிதா? உங்களிலே எத்தனை பேருக்குத் தெரியும் அந்த வேதனை! கதவடைப்புக் காலத்திலே, காட்டிக் கொடுத்தால் கங்காணி வேலை என்று வந்து கண்சிமிட்டுகிறவனைப் பார்த்திருக்கிறீர்களே!

மார்லீன் மறுத்தார். மறுத்ததோடு நிற்கவில்லை. 1937-இல் அமெரிக்கக் குடியுரிமை கேட்டு மனுக் கொடுத்தார், 1939-இல் பெற்றார். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த கலைஞர்களுக்கு உணவும் உறைவிடமும் தேடித் தருவதற்கு, இயக்குநர் பில்லி வைல்டர் போன்ற நண்பர்களோடு சேர்ந்து பணம் திரட்டினார். நாஜி ஏடுகள் ஏசின. அவர் காதிலே போட்டுக்கொள்ளவில்லை. 1939-இலேயே குதிரைவீரர் கதையொன்றிலே கேளிக்கை விடுதிப் பாடகியாக நடித்து, நஞ்சு என்றவர்கள் வாயாலேயே தேன் என்று சொல்ல வைத்தார்.

போர் மூண்டது. 1942-லும் 1943-லும் அமெரிக்கா முழுவதும் சுற்றி, போர்க்கடன் பத்திரம் விற்றார். வேறெந்த நட்சத்திரமும் அவ்வளவு விற்கவில்லை என்று பேரெடுத்தார். 1944-இலே படைவீரர் உடுப்பை மாட்டிக்கொண்டு போர்முனைக்கே புறப்பட்டார். அல்ஜீரியா, இத்தாலி, பிரான்சு என்று படைகள் போன வழியெல்லாம் போனார். அந்த ஆண்டு டிசம்பரில் பனி உறைந்த ஆர்டென் காட்டுப் பகுதியிலே, இட்லரின் படை கடைசி முறையாகப் பாய்ந்தபோது, முன்னணிக்கு அருகே இருந்தார்.

அங்கே என்ன செய்தார்? பாடினார். லாரியின் பின்பலகையை இறக்கிவிட்டு அதையே மேடையாக்கிப் பாடினார். இன்னொரு வேடிக்கையும் உண்டு. மரம் அறுக்கும் ரம்பத்தை முழங்காலுக்கிடையே பிடித்து வளைத்து, வயலின் வில்லால் இழைத்து இசை எழுப்புவார். தச்சன் பட்டறை ரம்பம் தேம்பியழுவதுபோல் பாடும். நாளைக்கு உயிரோடிருப்போமா என்று தெரியாத இளைஞர்கள் கைதட்டிச் சிரிப்பார்கள். மணிக்கட்டுக் கோளாறினால் வயலினை இழந்த பெண், ரம்பத்திலே அதை மீட்டுக் கொண்டார்!

அமெரிக்க உளவுத்துறை ஒரு வானொலித் திட்டம் வகுத்தது. ஜெர்மன் மொழியிலே பாட்டுப் பாடி, ஜெர்மன் வீரர்களின் போர்வெறியைத் தணிப்பது நோக்கம். மார்லீன் அதற்குப் பாடினார். அவற்றிலே ஒன்று லில்லி மார்லீன். படைமுகாம் வாயிலிலே, விளக்குக் கம்பத்தடியிலே காத்திருக்கும் காதலியைப் பற்றிய பாட்டு. 1939-இல் லாலே ஆண்டர்சன் என்ற ஜெர்மன் பாடகி முதலில் இசைத்தட்டிலே பாடியது. போர்க்காலத்திலே இரண்டு பக்கத்துப் பாசறைகளிலும் அதே பாட்டு! துப்பாக்கி பிரித்தது, பாட்டு சேர்த்தது.

இப்போது சொல்கிறேன், அந்த நால்வர் கதையை.

மாபெரும் நடிகர் ஜானிங்ஸ் ஜெர்மனியிலேயே தங்கினார். கோயபல்ஸ் ஏவிய பிரச்சாரப் படங்களிலே நடித்தார். பட்டமும் பரிசும் குவிந்தன. போர் முடிந்ததும் மறுபடி வேடம் கட்ட வழியில்லாமல், 1950-இல் மறைந்தார்.

மந்திர வித்தைக்காரர் கெரான், பிரான்சுக்கு ஓடி, ஆலந்துக்கு ஓடி, அங்கே நாஜிகளிடம் அகப்பட்டார். தெரேசியன்ஸ்டாட் முகாமிலே அடைக்கப்பட்டார். யூதர்கள் அங்கே நலமாக வாழ்கிறார்கள் என்று உலகத்தை ஏமாற்ற ஒரு படம் வேண்டியிருந்தது. அதை இயக்கும்படி அந்தக் கைதியையே கட்டாயப்படுத்தினார்கள். படம் எடுத்து முடிந்தது. 1944, அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு அனுப்பி நச்சுப்புகையால் கொன்றார்கள்.

இசைவாணர் ஹாலண்டர் அமெரிக்காவிலே பிழைத்தார். போருக்குப் பிறகு, 1948-இல், இடிந்து கிடந்த பெர்லினைப் பற்றி பில்லி வைல்டர் எடுத்த படத்திலே மார்லீன் பாட, பக்கத்திலே பியானோ வாசித்துக்கொண்டு திரையிலேயே தோன்றினார்.

ஒருவர் தலையாட்டிப் பட்டம் பெற்றார். ஒருவர் சாம்பலானார். ஒருவர் அகதியானார். தலையாட்டியிருந்தால் அரசியாக வாழ்ந்திருக்கக் கூடிய மார்லீனோ, தானே முன்வந்து அகதிகளின் பக்கம் நின்றார். சொல்லுங்கள் தோழர்களே, இவர்களிலே ஜெர்மனியின் மானத்தைக் காத்தவர் யார்?

இருந்தும், 1960-இல் துரோகி என்றார்கள் அவரை!

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்போம். கேளாமல் தீர்ப்பளிப்பது நமது வழக்கமல்ல. குண்டு வீச்சிலே வீட்டை இழந்தவர்கள் அவர்கள். போர்முனையிலே பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள். நாங்கள் நிலவறையிலே நடுங்கிக் கிடந்தபோது, நீ எதிரியின் உடுப்பை அணிந்து எதிரிக்குப் பாடினாயே என்பது அவர்கள் கேள்வி. கண்ணீரிலே பிறந்த கேள்வி அது. அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்தத் தாயின் பிள்ளையைச் சாவதற்கு அனுப்பியது யார்? மார்லீனா? ஊரை எரித்த போரை மூட்டியது யார்? பாட்டா? தீ வைத்தவன் தன்னை மாய்த்துக்கொண்டு தப்பித்துக் கொண்டான். தீ, தீ என்று கூவியவர் மீது பாய்ந்தது பழி! ஆளுகிறவனும் நாடும் ஒன்று என்று பன்னிரண்டு ஆண்டு ஓயாமல் ஓதப்பட்ட மக்கள், ஆண்டவன் அழிந்த பிறகும் அந்தப் பாடத்தை மறக்கவில்லை.

மார்லீனின் தாய் அந்தக் குண்டுவீச்சின் நடுவே பெர்லினிலேயேதான் இருந்தார். மகள் பாடி ஊக்கிய படையின் விமானங்கள், தாய் வாழ்ந்த நகரத்தின் மீது பறந்தன. அந்த வேதனையோடுதான் அவர் பாடினார். 1945, செப்டம்பரில் தாயும் மகளும் சந்தித்தார்கள். நவம்பரில் தாய் கண்ணை மூடினார்.

1960-ஆம் ஆண்டுப் பயணத்திலே, டுசல்டார்ப் நகரில் ஒரு இளம்பெண் அவர் முகத்திலே உமிழ்ந்தாள். வீஸ்பாடன் நகரில் மேடையிலிருந்து விழுந்து தோளெலும்பு முறிந்தது. பயணத்தை நிறுத்தவில்லை. மியூனிச்சில் மக்கள் எழுந்து நின்று கைதட்டி ஓயவில்லை. பெர்லினில் அவருக்குத் துணை நின்றவர் நகரத் தலைவர் வில்லி பிராண்ட். அவரும் இட்லருக்கு அஞ்சாமல் நார்வே நாட்டிலே தஞ்சம் புகுந்து போராடியவர். அதற்காகவே தேர்தல் களத்திலே துரோகி என்று ஏசப்பட்டவர். ஏச்சு நிலைக்கவில்லை. 1969-இல் அவரே நாட்டின் தலைமை அமைச்சரானார்.

அதே 1960-இல் மார்லீன் இசுரேலுக்கும் போனார். கொலைக்களத்திலிருந்து தப்பியவர்கள் வாழும் நாடு. ஜெர்மன் மொழி காதில் விழுந்தாலே உடல் பதறும் மக்கள். மேடையிலே அந்த மொழி ஒலிக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். மார்லீன் ஜெர்மன் மொழியிலேயே பாடினார். கேட்டவர்கள் கண்ணீர் வடித்தார்கள். கொலைகாரன் பேசியதால் மொழி கொலைகாரனுக்குச் சொந்தமாகிவிடாது! இட்லர் அழுக்காக்கிய மொழியைக் கழுவி எடுத்து உலகத்தின் முன் வைத்தவர், ஜெர்மானியர் துரோகி என்று விரட்டிய அந்த அம்மையார்தான்.

நடிகை ஏன் பாடகியானார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆண் நடிகருக்கு அறுபது வயதானாலும் கதாநாயகன் வேடம் உண்டு. பெண்ணுக்கு ஐம்பது நெருங்கினால் பாட்டி வேடம், இல்லையேல் வீடு. மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பணம் தேவை. கலிபோர்னியாவிலே கோழிப்பண்ணை வைத்திருந்த கணவரையும் அவரே தாங்கினார். ஆகவே, 1953-இல் லாஸ் வேகாஸ் நகரத்து விடுதி மேடையேறினார். 1954-இல் இலண்டன். 1950-களின் பிற்பகுதியில் பர்ட் பாக்கராக் என்ற இளைஞர் இசைக்குழுவை நடத்த வந்து சேர்ந்தார். பின்னாளிலே உலகப் புகழ் பெற்ற அந்த இளைஞர்தான், விடுதி நிகழ்ச்சியைப் பேரரங்கங்களுக்கு உரிய இசை விருந்தாக்கினார்.

குரல் பெரிதல்ல, மேலே ஏறவும் ஏறாது. தாழ்ந்த, கரகரத்த குரல். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் உணர்ந்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதுபோல் பாடுவார். பேச்சாளர்கள் கற்க வேண்டிய வித்தை அது! அந்தப் பளபளக்கும் உடைக்குள்ளே உடலை இறுக்கிப் பிடிக்கும் கச்சை. கால்களிலே இரத்த ஓட்டக் கோளாறு, நிற்பதே வேதனை. திரை தூக்கியதும் வேதனை தெரியாது. சுரங்கத்துக்குள்ளே இறங்குகிறவன் வேர்வைக்கும் இதற்கும் வேற்றுமை உண்டு. இவருக்குக் கிடைத்த கூலி பெரிது. ஆனால் உடலைத் தேய்த்துப் பிழைத்த பிழைப்புத்தான் இதுவும்.

1962-இல் புதிய பாட்டொன்று வந்து சேர்ந்தது. பீட் சீகர் என்ற அமெரிக்கப் பாடகர் 1955-இல் இயற்றியது. பூக்களெல்லாம் எங்கே போயின என்று தொடங்கி, போருக்குப் போன இளைஞர்களின் கல்லறைவரை செல்லும் பாட்டு. மார்லீனின் நண்பரும், இட்லரிடமிருந்து தப்பியோடியவருமான மாக்ஸ் கோல்பெட் அதை ஜெர்மன் மொழியாக்கினார். போர்முனையிலே வீரர்களுக்குப் பாடிய அதே வாய், இப்போது போரே வேண்டாமென்று பாடிற்று. முரண்பாடு என்பீர்களா? இல்லை. இளைஞர்கள் மடிவதைக் கண்ணாலே கண்டவருக்குத்தான் அந்தப் பாட்டைப் பாட உரிமை அதிகம்.

1964-இல் மாஸ்கோ சென்றார். பாஸ்டோவ்ஸ்கி என்ற உருசிய எழுத்தாளரின் தந்தி என்ற சிறுகதையை அவர் முன்பே படித்திருந்தார். ஊரிலே தனித்துக் கிடந்து சாகிற தாய். வேலை வேலை என்று நகரத்திலே தங்கிவிட்டு, காலம் கடந்து வந்து சேருகிற மகள் — இதுதான் கதை. முதுமையும் நோயும் வாட்டிய அந்த எழுத்தாளரை மேடையிலே கண்டதும், உலகம் வணங்கிய நடிகை மண்டியிட்டு வணங்கினார். செல்வம் படைத்தவனைக் கண்டால் குனிகிற உலகத்திலே, எழுத்தைக் கண்டு குனிந்த தலை அது!

குறையே இல்லாதவரா? அப்படிச் சொன்னால் பொய். அவருக்கு ஒரு அக்காள் உண்டு. அந்த அக்காளும் கணவரும், பெர்கன் பெல்சன் கொலைமுகாமுக்கு அருகே படைவீரர்களுக்காகப் படக்கொட்டகை நடத்தியவர்கள். முகாமிலே பட்டினியாலும் நோயாலும் பல்லாயிரவர் மடிந்துகொண்டிருந்தபோது, பக்கத்திலே படம் ஓடிற்று! 1945-இல் மார்லீன் அங்கே சென்று உண்மையை அறிந்தார். அதன் பிறகு, எனக்கு உடன்பிறந்தாரே இல்லை என்று உலகத்திடம் சொல்லி வந்தார். அக்காளுக்கு உதவியும் செய்தார். அக்காளை மறைக்கவும் செய்தார். சர்வாதிகாரத்தின் தலைவனை எதிர்த்து நிற்க முடிந்தவருக்கு, அந்த அழுக்கு தன் வீட்டுக்குள்ளேயும் இருந்தது என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1961-இல் நூரம்பர்க் விசாரணையைப் பற்றிய படத்திலே, எங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று சாதிக்கிற ஜெர்மன் தளபதியின் மனைவியாக நடித்தார். அந்தக் காட்சியைப் பார்க்கிறவர்கள், அக்காளையும் நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

1975, செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து மேடையிலே விழுந்தார். தொடையெலும்பு முறிந்தது. மேடை வாழ்வு முடிந்தது. அடுத்த ஆண்டு கணவர் மறைந்தார். கடைசிப் படமொன்றிலே சிறிது நேரம் தோன்றிவிட்டு, பாரிசு நகரத்திலே ஒரு வீட்டு மாடியிலே கதவைச் சாத்திக்கொண்டார். பத்தாண்டுக்கு மேல் படுக்கையே உலகம், தொலைபேசியே துணை. நூரம்பர்க் படத்திலே உடன் நடித்த மாக்சிமிலியன் ஷெல், அவரைப் பற்றி 1984-இல் ஒரு படம் எடுத்தார். குரலைப் பதிவு செய்யலாம், முகத்தைக் காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார் அம்மையார். உலகத்துக்குக் கொடுத்த உருவத்தை முதுமை திரும்பப் பெற்றுக்கொள்ள அவர் விடவில்லை.

1989-இல் பெர்லினைப் பிளந்த சுவர் விழுந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனி ஒன்றாயிற்று. 1992, மே 6-ஆம் நாள் மார்லீன் மறைந்தார், வயது தொண்ணூறு. பாரிசிலே மாதலேன் ஆலயத்தில் பிரெஞ்சுக் கொடி போர்த்தி வைத்தார்கள். அமெரிக்கா 1947-இல் தந்த சுதந்திரப் பதக்கமும், பிரான்சு தந்த வீரப் பதக்கமும் காலடியிலே இருந்தன. மூன்றாவது நாட்டுக்கு, பிறந்த நாட்டுக்கு, உடல் போய்ச் சேர்ந்தது. பெர்லினில் பிரீடனாவ் இடுகாட்டிலே, தாயின் கல்லறைக்கு அருகே அடக்கம். திரும்பிப் போ என்றார்களே, போனார். தாயிடம் திரும்பிப் போனார்!

அப்போதும் முணுமுணுப்பு ஓயவில்லை. பிறந்த பகுதியான ஷோனபெர்க்கிலே ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, எதிர்ப்பு வந்தது, 1996-இல் கைவிட்டார்கள். ஆனால் 1997-இல் நகரத்தின் நடுவே, போட்ஸ்டாம் சதுக்கத்துக்கு அருகே புதிதாகக் கட்டிய சதுக்கத்துக்கு மார்லீன் டீட்ரிச் என்று பெயர் சூட்டினார்கள். 2001-இல், அவர் பிறந்த நூறாம் ஆண்டிலே, பெர்லின் நகரம் அவரிடம் மன்னிப்புக் கேட்டது. 2002-இல் சிறப்புக் குடிமகள் என்ற பட்டத்தைத் தந்தது. இறந்து பத்தாண்டு கழித்து!

தாமதமான நீதிதான். கேட்பதற்கு அவர் இல்லை. ஆயினும் அந்த மன்னிப்பு அவருக்காக மட்டும் கேட்கப்பட்டதல்ல. நாளைக்கு வேறொரு நாட்டிலே, வேறொரு கொடுங்கோலன், வாரி வழங்குகிறேன் வா என்று அழைக்கும்போது, வரமாட்டேன் என்று சொல்லத் துணிகிறவர்களுக்காகவும் கேட்கப்பட்டது.

ஆட்சி வரும், போகும். ஆளுகிறவன் வைக்கிற பெயர் அவன் இருக்கும்வரைதான். துரோகி என்று ஒருவரைச் சுட்டிக் காட்டுகிற விரலைக் கண்டால், தோழர்களே, சுட்டப்படுகிறவரைப் பார்ப்பதற்கு முன்னால், சுட்டுகிற கை எவனுடையது என்று பாருங்கள். பெர்லின் மக்கள் அதைப் பார்ப்பதற்கு நாற்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. நமக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டியதில்லை.